ஆறு நிறையத் தண்ணீர், குழாயில் கட்டுப்பாடு: வயலில் போட்ட நைட்ரஜன் எங்கே போகிறது?

டிமொய்ன்_தமிழன் (அயோவா)

2025 ஜூன் 12 அன்று எங்கள் பகுதியில் புல்வெளிக்குத் தண்ணீர் விடத் தடை போட்டார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி மொய்ன் நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்த்து கிட்டத்தட்ட 6 லட்சம் பேருக்கு. நான் சென்னையில் வளர்ந்தவன், தண்ணீர்க் கட்டுப்பாடு என்றால் ஏரி வற்றிவிட்டது என்றுதான் புத்தி போகும். இங்கே தலைகீழ். மழை நன்றாகப் பெய்து, டி மொய்ன் ஆறும் ரக்கூன் ஆறும் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இரண்டிலும் நைட்ரேட் அளவு குடிநீர் வரம்பைத் தாண்டிவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தால் ஓரளவு தண்ணீரிலிருந்துதான் நைட்ரேட்டை எடுக்க முடியும், அதற்கு மேல் யாரும் தண்ணீர் கேட்காதீர்கள் என்பதுதான் அந்தத் தடையின் அர்த்தம்.

என் சந்தேகம் எளிமையானது. காசு கொடுத்து வாங்கிய உரத்தை ஆற்றில் விட எந்த விவசாயிக்கும் ஆசை இருக்காது. அப்படியும் ஏன் இவ்வளவு போகிறது? மழையில் மேல்மண் அரித்துக்கொண்டு வருவதாலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

மேல்மண் அரிப்போடு போவது பெரும்பாலும் பாஸ்பரஸ். அது மண் துகளைப் பிடித்துக்கொண்டு போகும். நைட்ரேட் அப்படியில்லை, அது தண்ணீரில் கரைந்து கீழே இறங்கும். களிமண்ணின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம், நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம், அதனால் மண் அதைப் பிடித்து வைக்காது. அம்மோனியத்துக்கு நேர்மின்னூட்டம் என்பதால் அது மண்ணில் ஒட்டி நிற்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் பாக்டீரியாக்கள் சில வாரங்களிலேயே அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றிவிடும். மாற்றிய பிறகு அடுத்த பெருமழைக்குள் வேர் உறிஞ்சினால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீர் போகும் இடத்துக்கு அதுவும் போகும்.

எவ்வளவு போனால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் யூரியா மூட்டை 45 கிலோ. அதில் நைட்ரஜன் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. ஒரு ஹெக்டேர் வயலிலிருந்து ஒரு வருடத்தில் 200 மில்லிமீட்டர் தண்ணீர் வேருக்குக் கீழே வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 20 லட்சம் லிட்டர். அந்த ஒரு மூட்டையின் நைட்ரஜன் மட்டும் அதில் கலந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அமெரிக்கக் குடிநீர் வரம்பே 10தான். அயோவாவில் மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்குச் சாதாரணமாக 150 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் போடுகிறார்கள், நம் கணக்கில் ஏழெட்டு மூட்டை. அதில் ஒன்றே ஒன்று தவறிப்போனாலே வடிநீர் முழுவதும் வரம்பைத் தாண்டிவிடும். விவசாயியின் கண்ணுக்கு அது சின்ன நஷ்டம். கீழே குடிப்பவனுக்கு அப்படியில்லை.

பொட்டுக்கடலை

அக்கா, ஒரு மூட்டைக்கா இத்தனை அக்கப்போர்? எங்கள் பக்கத்து வயல்காரர் பயிர் கொஞ்சம் வெளுத்தாலே மூட்டையைப் பிரித்துவிடுவார்.

தாளடி (மன்னார்குடி)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஏக்கருக்கே ரெண்டு மூணு மூட்டை போடுகிறோம். ஆனால் சுற்றிலும் நெல் மட்டுமே இருக்கிற எங்கள் பம்புசெட் தண்ணீரைப் பரிசோதித்தபோது நைட்ரேட் 12 என்று வந்தது, இந்திய வரம்பு 45 என்று சீட்டிலேயே போட்டிருந்தார்கள். நீங்கள் சொல்கிற 10ஐ வைத்துப் பார்த்தால் நான் குடிக்கவே கூடாது போலிருக்கிறதே. ஒன்று உங்கள் வரம்பு தப்பு, இல்லை என் சீட்டு தப்பு.

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

இரண்டும் சரிதான் ஐயா. அமெரிக்கர்கள் நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனை மட்டும் எடை போட்டு 10 என்கிறார்கள். நாம் நைட்ரேட் மூலக்கூறு முழுவதையும் எடை போடுகிறோம். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு, ஆகவே அவர்களுடைய 10 நம் கணக்கில் 44. உலக சுகாதார நிறுவனமும் இலங்கையும் 50 வைத்திருக்கின்றன. உங்கள் 12 அமெரிக்கச் சீட்டில் 3க்கும் கீழேதான் வரும், தாராளமாகக் குடிக்கலாம். எந்தப் பரிசோதனைச் சீட்டு வந்தாலும் முதலில் எந்த அளவையில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதில் குழம்பி வாட்ஸப்பில் பீதி கிளப்பியவர்கள் ஏராளம்.

உங்கள் தண்ணீர் தப்பித்ததற்குக் காரணம் நெல். நீர் நிற்கும் வயலில் மேலே ஒரு மெல்லிய அடுக்கைத் தவிர மண்ணுக்குள் ஆக்சிஜன் கிடையாது. அதனால் யூரியா அம்மோனியம் வரைக்கும் மாறி அங்கேயே நின்றுவிடும், நைட்ரேட்டாவது குறைவு. கொஞ்சம் உருவானாலும், காற்றில்லாத இடத்துக்கு இறங்கியதும் வேறு வகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்தே சுவாசித்து, அதை நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். அந்த வாயு திரும்பத் தண்ணீருக்கு வராது. அடுக்கடுக்காக நெல் இருக்கும் டெல்டா தன்னையறியாமல் ஒரு நைட்ரேட் வடிகட்டியாக வேலை செய்கிறது.

ஆனால் உங்கள் காசு தப்பிக்கவில்லை. நிற்கிற தண்ணீரில் யூரியாவை வீசினால் பாசி வளரும். வெயில் ஏற ஏற அந்தப் பாசி தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், நண்பகலில் தண்ணீர் காரத்தன்மை கொண்டதாகிவிடும், அம்மோனியா ஆவியாகப் பறக்கும். நெல் உண்மையில் எடுத்துக்கொள்வது போட்டதில் பாதிக்கும் குறைவு.

தாளடி (மன்னார்குடி)

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்களே, அப்போது?

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

தண்ணீர் மிச்சமாகும், மீத்தேன் குறையும், அது நல்லது. ஆனால் காய்ந்த நாட்களில் அம்மோனியம் நைட்ரேட்டாகும், மறுபடி பாய்ச்சியதும் அது வாயுவாகப் போய்விடும். போகும் வழியில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக நின்றுவிடுவதும் உண்டு. நூறு வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அதனால் உரம் போட்ட கையோடு காயப் போடாதீர்கள், நீர் சுண்டியிருக்கும்போது போட்டுவிட்டு உடனே பாய்ச்சிவிடுங்கள், யூரியா மண்ணுக்குள் இறங்கும். இலையின் பச்சையை எண்ணிட்ட நிறங்களோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்து வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே வெளுத்தால் மட்டும் மேலுரம்.

வலிகாமத்தான் (யாழ்ப்பாணம்)

மன்னார்குடிக்காரர் கொடுத்துவைத்தவர். எங்கட பக்கம் ஆறே இல்லை. குடிக்கிறது, குளிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது எல்லாம் ஒரே சுண்ணக்கல்லுக்குள் நிற்கிற நீர்தான். மேலே மெல்லிய செம்மண், கீழே வெடிப்பும் குகையுமான கல். கடலுக்குப் பக்கம் போகப் போக அந்த நன்னீருக்கு அடியில் உப்புநீர். புரட்டாசிக்குப் பிறகு மூன்று மாதத்தில்தான் வருடத்து மழையின் பெரும்பகுதி. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு என்று வருடம் முழுக்கப் பயிர், பசளையும் வருடம் முழுக்க.

கிணற்றில் நைட்ரேட் கூட என்று 1980களிலேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார்கள். சின்ன வயதில் இருந்தே காதில் விழுகிற செய்தி. எங்கட வீட்டுக் கிணற்று முடிவு போன முறை 80க்கு மேல், நீங்கள் சொன்ன முழு நைட்ரேட் கணக்கில்தான். மாரி முடிந்து எடுத்தது. வெளியில் பார்த்தால் பளிங்கு மாதிரித் தண்ணீர், நிறமில்லை, மணமில்லை. அம்மா கேட்கிறா, காய்ச்சிக் குடித்தால் சரிதானே என்று.

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்: காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிஞ்சியதில் நைட்ரேட் இன்னும் செறிவாகும். வீட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால் அந்தக் கிணற்று நீரில் பால்மாவு கரைக்கவே கூடாது. குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். இதை முதன்முதலில் கிணற்று நைட்ரேட்டோடு சேர்த்து எழுதியவர் 1945இல் அயோவாவில் இருந்த ஹண்டர் காம்லி என்ற மருத்துவர். நம் உரையாடல் இழை அங்கேதானே தொடங்கியது!

உங்கள் இடத்தில் நைட்ரேட் ஏன் நிலைக்கிறது என்பதற்கும் டெல்டாவில் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் விடை ஒன்றே. அதை வாயுவாக்கும் பாக்டீரியாவுக்கு இரண்டு வேண்டும்: காற்றில்லாத ஈரம், சாப்பிட மக்கு, அதாவது மண்ணில் மக்கிய இலைதழை. மண் மெல்லியது, மழைநீர் வெடிப்பு வழியே சில நாட்களில் நிலத்தடிக்குப் போய்விடுகிறது, அந்தக் கல்லுக்குள் நீரில் ஆக்சிஜன் இருக்கிறது, மக்கு இல்லை. உள்ளே போன நைட்ரேட் அங்கேயே சுற்றும். அதையே இறைத்துத் தோட்டத்துக்கு விடுகிறீர்கள், மேலே இன்னும் பசளை போடுகிறீர்கள், அது மறுபடி கிணற்றுக்கு வருகிறது.

பொட்டுக்கடலை

அப்போ கிணற்றுத் தண்ணீரே பாதி உரம் என்று சொல்லுங்கள்.

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

கிண்டல் இல்லை, உண்மையிலேயே கணக்கில் எடுக்க வேண்டியது. நைட்ரேட் 80 உள்ள நீரில் நைட்ரஜன் லிட்டருக்கு 18 மில்லிகிராம். ஒரு போகத்துக்கு 400 மில்லிமீட்டர் இறைத்தால் ஹெக்டேருக்கு 72 கிலோ நைட்ரஜன் தண்ணீரோடு வந்துவிடுகிறது, மூன்றரை மூட்டை யூரியா. அதைக் கழித்துவிட்டுப் பசளை போடுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

சோளக்கொல்லை77 (இல்லினாய்)

இங்கே உர ஆலோசனை வேலையில் இருப்பதால் நானும் கொஞ்சம் பேச வேண்டும். இழை மெல்ல மெல்ல 'விவசாயி அதிகமாகப் போடுகிறான்' என்ற பக்கம் சாய்கிறது. அது பாதிக் கதை. ரக்கூன் ஆற்றின் மேற்பகுதியெல்லாம் பனிப்பாறை விட்டுப்போன தட்டை நிலம், ஒரு காலத்தில் முழங்கால் அளவு சதுப்பு. வெள்ளையர் வந்து அதை வடித்துத்தான் வயலாக்கினார்கள். முதலில் சுட்ட மண்குழாய், இப்போது துளை போட்ட பிளாஸ்டிக் குழாய், மூன்று நான்கு அடி ஆழத்தில் வயல் முழுக்க வரிவரியாக. டைல் என்பார்கள். அயோவாவின் ஈரநிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு இப்படித்தான் போனது. ஏப்ரல் மழைக்குப் பிறகு ஓடைக்கரையில் நடந்தால் கரையிலிருந்து குழாய் வாய் நீட்டிக்கொண்டு கண்ணாடித் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்கலாம். கலங்கலே இருக்காது. முழு நைட்ரேட்டும் அதில்தான்.

இன்னொன்று, இந்தக் கறுப்பு மண்ணில் ஆயிரக்கணக்கான வருடப் புல்வெளி சேர்த்த மக்கு இருக்கிறது. உரமே போடாமல் சோயா விதைக்கும் வருடத்திலும் மண் தானாகவே நைட்ரேட்டை விடும். மே, ஜூனில் மண் சூடாகும், மழை பெய்யும், மக்காச்சோளம் அப்போதுதான் கணுக்கால் உயரம். வேர் இல்லாத வயலில் யார் பிடிப்பது? வருடத்தில் ஏழு மாதம் நிலம் வெறுமையாகக் கிடக்கும் பயிர்முறைதான் அடிப்படைக் கோளாறு. அந்தப் பயிர்முறையை ஒரு விவசாயி தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. எத்தனால் ஆலை, கால்நடைத் தீவனம், பயிர்க் காப்பீடு எல்லாம் சேர்ந்து தேர்ந்தெடுத்தது அது.

டிமொய்ன்_தமிழன் (அயோவா)

நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் சுத்திகரிக்கும் செலவு எங்கள் தண்ணீர் பில்லில் வருகிறதே? இங்கே 1990களின் தொடக்கத்தில் நைட்ரேட் எடுக்கவென்றே தனி நிலையம் கட்டினார்கள். அது ஓடும் நாட்களில் தினம் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. வேடிக்கை என்னவென்றால், எடுத்த நைட்ரேட்டைக் கழுவிய உப்புநீரைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிறார்கள், கீழே இருப்பவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

2015இல் டி மொய்ன் குடிநீர் நிறுவனம் மேலே உள்ள சாக், பியூனா விஸ்டா, கால்ஹூன் கவுண்டிகளின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வடிகால் மாவட்டங்கள், அதாவது வயல் வடிகால்களை நிர்வகிக்கும் அமைப்புகள் மீது வழக்குப் போட்டது. டைல் குழாய் என்பது ஆலைக் கழிவுக்குழாய் மாதிரிதானே, அனுமதி வாங்கட்டும் என்பது வாதம். 2017 ஜனவரியில் அந்த மாவட்டங்களிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது, மார்ச்சில் மத்திய நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எட்டு வருடம் கழித்து எனக்குப் புல்வெளித் தடை.

சோளக்கொல்லை77 (இல்லினாய்)

வழக்கை நான் ஆதரிக்கவில்லை, ஊருக்கும் நகரத்துக்கும் பகைதான் மிச்சம். ஆனால் 'தன்னார்வமாகச் செய்வோம்' என்று 2013இல் மாநிலம் போட்ட திட்டத்தையும் பாராட்ட மாட்டேன். ஆறுகளில் போகும் நைட்ரஜனை 45 சதவீதம் குறைப்பதாக அதில் எழுதினார்கள். அந்தத் திட்டத்தை எழுதிய ஆய்வாளர்களே போட்ட பட்டியலைப் பாருங்கள். உர அளவைச் சரியாகக் குறைத்தால் நைட்ரேட் இழப்பு சுமார் 10 சதவீதம் குறையும். இலையுதிர் காலத்தில் போடுவதை வசந்தத்துக்கு மாற்றினால் 6. அறுவடைக்குப் பின் கோதுமை மாதிரியான தானியப் பயிர் ஒன்றை, இங்கே ரை என்பார்கள், மூடுபயிராக விதைத்தால் 31. டைல் குழாய் முடிவில் குழி வெட்டி மரச்சில்லு நிரப்பினால் 43. சரியான இடத்தில் ஈரநிலம் உருவாக்கினால் 52.

டிமொய்ன்_தமிழன் (அயோவா)

மரச்சில்லா? அது என்ன செய்யும்?

சோளக்கொல்லை77 (இல்லினாய்)

வேர்மண்டலம் அக்கா சொன்ன அதே பாக்டீரியாதான். சில்லு அதற்குச் சாப்பாடு, நீருக்கடியில் இருப்பதால் காற்றில்லை. தண்ணீர் உள்ளே சில மணிநேரம் தங்கிப் போனால் போதும். எங்கள் பகுதியில் ஒன்று போட்டபோது பேருந்து நீளத்துக்குக் குழி, பத்துப் பன்னிரண்டு லாரி சில்லு. மேலே மண் மூடிப் புல் போட்டுவிட்டால் அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. குறை என்னவென்றால், வசந்தத்தில் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும்போதும் பெருமழையில் தண்ணீர் பொங்கி வரும்போதும்தான் அது சரியாக வேலை செய்யாது. நைட்ரேட் அதிகம் வருவதும் அப்போதுதான்.

இதில் எதுவும் விளைச்சலைக் கூட்டாது. மூடுபயிர் விதைக்கு விவசாயியின் கைக்காசு போகிறது, பலன் 100 மைல் தள்ளி இருக்கும் உங்களுக்கு. அதனால்தான் 6, 10 சதவீத வேலைகளைச் செய்துவிட்டு 52ஐ விட்டுவிடுகிறார்கள்.

பசுந்தாள் (ஈரோடு)

ரசாயன உரம்தானே எல்லாவற்றுக்கும் மூலம்? இயற்கை உரத்துக்கு மாறினால் ஒரே அடியில் தீர்ந்துவிடும். நீங்கள் எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள்.

வலிகாமத்தான் (யாழ்ப்பாணம்)

2021இல் எங்கட அரசாங்கம் ஒரே இரவில் ரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் வாபஸ். அந்த இடைவெளியில் பசளைக்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், விளைச்சல் விழுந்தது, விலை ஏறியது. கிணறு தெளிந்ததாக நான் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

எருவிலும் நைட்ரஜன் நைட்ரஜன்தான் பசுந்தாள். மக்கி நைட்ரேட்டான பிறகு அது மாட்டுக்கொட்டிலில் இருந்து வந்ததா ஆலையில் இருந்து வந்ததா என்று தண்ணீர் பார்க்காது. அயோவாவில் 2 கோடிக்கும் மேல் பன்றிகள், அவற்றின் சாணக்குழம்பை எங்காவது போட்டாக வேண்டும். எரு மெதுவாக விடும், மண்ணில் கரிமம் சேர்க்கும், அதெல்லாம் உண்மை. ஆனால் பயிர் கேட்காத காலத்திலும் விட்டுக்கொண்டே இருக்கும். பயிர்ச்சுழற்சி, நிலம் எப்போதும் பச்சையாக இருப்பது, இதுதான் இயற்கை விவசாயத்தில் நைட்ரேட்டைக் குறைக்கும் பகுதி.

இன்னொரு பெரிய சங்கடம் காலம். இன்றே ஒருவரும் உரம் போடவில்லை என்றாலும் நாளைக்கு ஆறு சுத்தமாகாது. பல பத்தாண்டுகளாகப் போட்டதில் மிஞ்சியது வேருக்குக் கீழே மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கிடக்கிறது. அயோவா ஆறுகள் போய்ச் சேரும், மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் மிசிசிப்பியின் வடிநிலத்தை வைத்துக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் நந்திதா பாசு குழுவினர் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயிர் போட்டதை நூற்றுக்கு நூறு எடுத்துக்கொண்டாலும் மெக்சிகோ வளைகுடாவுக்கு வைத்த இலக்கை அடைய 30 வருடம் ஆகும் என்று வந்தது. அந்த வளைகுடாவில் கோடைதோறும் பாசி செத்து அழுகி ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகும் பகுதி 2017இல் 22,700 சதுர கிலோமீட்டரைத் தொட்டது, மிசோரம் மாநிலத்தைவிடப் பெரிது. இலக்கு 5,000, அதற்கு வைத்த கெடு 2015இலிருந்து 2035க்குத் தள்ளிப்போனது. அரசியல்வாதிக்கு ஐந்து வருடம், நிலத்தடி நீருக்கு முப்பது. திட்டம் பலிக்கவில்லை என்று பாதியில் கைவிடுவது இதனால்தான்.

தாளடி (மன்னார்குடி)

தமிழ்நாட்டு நிலவரம் எப்படி? டெல்டாவை மட்டும் வைத்து நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாதே.

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

நிம்மதிக்கு இடமில்லை ஐயா. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் நாடு முழுக்க எடுத்த மாதிரிகளில் ஐந்தில் ஒன்று 45ஐத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சுமார் 38 சதவீதம், ராஜஸ்தானும் கர்நாடகமும் மட்டும் பாதியை நெருங்கின. நம் மேட்டுநிலக் கிணற்றுப்பாசனம், கடினப் பாறை, அதற்கு மேல் ஊருக்கு ஊர் கழிவுநீர்க் குழி. வேம்பு பூசிய யூரியா 2015இல் கட்டாயமாயிற்று, மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 ஆக்கினார்கள். ஆனால் மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது யார் அளந்து போடுவார்கள்? மற்ற சத்துக்களின் விலையோடு ஒப்பிட்டால் இது இலவசம் மாதிரி. மானியத்தைத் தொட எந்தக் கட்சிக்கும் தைரியம் இல்லை, தொட்டால் முதலில் அடிபடுவதும் சின்ன விவசாயிதான்.

வலிகாமத்தான் (யாழ்ப்பாணம்)

அக்கா, கழிவுநீர்க் குழி என்றதும் ஒரு விசயம். எங்கட கிணற்றுக்குப் பக்கத்து வளவில் மலக்குழி புதிதாக வந்திருக்கிறது. அவையள் உன்ர தோட்டத்துப் பசளைதான் காரணம் என்கினம், நான் உங்கட குழிதான் என்கிறன். எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கா?

வேர்மண்டலம் (மண்ணியல், கோவை)

இருக்கிறது, கொஞ்சம் செலவு. நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் ஓரிடத்தான்களை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளந்தால் ஆலை உரமா, மனித அல்லது மாட்டுக் கழிவா என்று ஓரளவு பிரிக்கலாம். நீங்கள் எருவும் போடுகிறவர் என்றால் எருவையும் குழியையும் அது பிரித்துச் சொல்லாது. மலிவான வழி, அதே மாதிரியில் கிருமிப் பரிசோதனையும் குளோரைடும் சேர்த்துப் பாருங்கள். குடல் கிருமி நிறைய இருந்தால் குழி கசிகிறது என்று அர்த்தம், நைட்ரேட் யாருடையது என்பது அப்புறம். கடல் உப்பு ஏறாத இடம் என்றால் குளோரைடும் துப்புக் கொடுக்கும்.

மாதிரி எடுப்பதை ஒரே தடவையோடு விடாதீர்கள். மாரி தொடங்கும் முன் ஒன்று, பெருமழை பெய்து தண்ணீர் மட்டம் ஏறியதும் ஒன்று, கோடை இறைப்பு நடுவில் ஒன்று. சுத்தமான போத்தலை அதே நீரால் அலசி நிரப்புங்கள், ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணிநேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், வெளியில் வைத்தால் கிருமிகள் உள்ளேயே நைட்ரேட்டை மாற்றிவிடும். மழைக்குப் பின் மட்டும் ஏறி இறங்கினால் தோட்டத்தில் தங்கியது இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். வருடம் முழுக்க ஒரே உயரத்தில் நின்றால் குழியைப் பாருங்கள்.

வலிகாமத்தான் (யாழ்ப்பாணம்)

சரி. மழைக்கு முதல் போத்தல் இந்தக் கிழமையே எடுக்கிறன். பக்கத்து வீட்டுக் கிணற்றிலும் ஒன்று எடுக்கச் சம்மதிக்கினமோ என்று கேட்டுப் பார்க்கிறன்.